பாட்டில் பதிந்த கண்ணீர்



மதுரை மாநகரின் வரலாற்றை அறிய விரும்பும் ஒருவர் முதலில் எங்கே தேடுவார்? கல்வெட்டுகளைத் தேடுவார், செப்பேடுகளைத் தேடுவார். எந்த மன்னன் தனது எத்தனையாவது ஆட்சியாண்டில் எந்தக் கோவிலுக்கு எவ்வளவு நிலம் வழங்கினான், எந்தப் போரில் யாரை வென்றான், எந்தக் குளத்தை வெட்டினான் என்பன போன்ற செய்திகள் அவற்றில் நிறைய உண்டு. அவை மெய்யானவை, பயனுள்ளவை. ஆயின் அந்தப் போரில் கணவனை இழந்தவள் எப்படி அழுதாள் என்பதை எந்தக் கல்லும் சொல்வதில்லை. கல்லில் எழுதும் உரிமை பெற்றவர் சிலரே. எழுதச் சொன்னவரின் புகழுக்கு எது தேவையோ அதுவே கல்லில் ஏறிற்று.

அப்படியானால் மற்றவர்களின் வரலாறு எங்கே இருக்கிறது? பாட்டில் இருக்கிறது, கூத்தில் இருக்கிறது, கதையில் இருக்கிறது, சில வேளைகளில் ஒரு கட்டடத்தின் அமைப்பிலும் இருக்கிறது. இம்மாதம் இதைக் குறித்தே உங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம். கலை காலத்தின் கண்ணாடி என்று பள்ளிக் கட்டுரைகளில் எழுதுகிறோம். அது உண்மையே. எனினும் அந்தக் கண்ணாடியை ஏந்தியிருப்பது யார் கை, அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் திரும்பிக்கொள்கிறது என்பதையும் உடன் கேட்டால்தான் அந்த வாக்கியம் முழுமை பெறும்.

மதுரையைப் பாடும் பேரிலக்கியம் எது என்று கேட்டால் சிலப்பதிகாரம் என்று சிறுவரும் சொல்லுவர். அதன் மதுரைக் காண்டத்தின் உச்சியில் நாம் காண்பது அரசனின் வெற்றியை அன்று, அவனுடைய பிழையை. வேற்றூரிலிருந்து வந்த ஒரு வணிகப் பெண், கையில் ஒற்றைச் சிலம்பேந்தி, அரசவையில் நின்று, உன் தீர்ப்பு தவறு என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து; தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று மெய்ப்பிக்கிறாள். பாண்டியன் தன் பிழையை உணர்ந்த அக்கணமே உயிர் நீக்கிறான். இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அரசனின் ஆணையால் வெட்டப்பட்ட எந்தக் கல்வெட்டும் சொல்லத் துணியாத ஒன்றை ஒரு காப்பியம் சொல்லிற்று. கணவனை இழந்தவளின் சினமும் கண்ணீரும் நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருப்பது அக்காப்பியத்தினாலேயே.

நாயக்கர் காலத்துக்கு வருவோம். திருமலை நாயக்கர் 1623ஆம் ஆண்டு முதல் 1659ஆம் ஆண்டு வரை ஆட்சி புரிந்தார். 1636ஆம் ஆண்டில் அவர் எழுப்பிய மகாலைக் காண இன்றும் மக்கள் வெளியூர்களிலிருந்து திரண்டு வருகின்றனர். அதன் பருத்த தூண்களும் வளைவுகளும் விதானங்களும் காண்போரை வியக்க வைக்கின்றன. ஆயின் அவருடைய ஆட்சியின் இறுதியில் மைசூர்ப் படையினர் மதுரைச் சீமைக்குள் புகுந்து, ஆண், பெண், குழந்தை என்று பாராமல் அகப்பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு சேர்த்து அறுத்துச் சென்றனர். பதிலுக்கு மதுரைப் படையும் மைசூர்ச் சீமைக்குள் சென்று அதையே செய்தது. மூக்கறு போர் என்று வரலாறு அதற்குப் பெயரிட்டிருக்கிறது. அக்காலத்தில் மதுரை மறைத்தளத்தில் பணியாற்றிய இயேசு சபைக் குருக்கள் தங்கள் மேலாளர்களுக்கு எழுதிய கடிதங்களில் இக்கொடுமையைக் குறித்து வைத்தனர். பிற்கால வரலாற்றாசிரியர்களுக்கு அக்கடிதங்களே பெருந்துணையாயின. மகாலின் தூண்களில் அழகு உண்டு. மூக்கிழந்தவர்களின் முகம் அங்கே இல்லை. அழகைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு காலத்தின் கலைச் சின்னம் அக்காலத்தின் முழு உண்மையைச் சொல்லிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே சொல்லுகிறோம்.

அரண்மனைக்கு வெளியே, எளிய மக்களிடையே, வேறொரு வகை இலக்கியம் வாழ்ந்தது. அதுதான் கதைப்பாடல். அம்மானையாகவும், உடுக்கடிப் பாட்டாகவும், வில்லுப் பாட்டாகவும் அது ஊர்தோறும் பாடப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவனும் அதைக் கேட்டான், மனத்தில் பதித்தான், மகனுக்குச் சொன்னான். திருமலை நாயக்கரின் தளபதி இராமப்பையன் சேதுபதி மீது படையெடுத்த செய்தியை இராமப்பையன் அம்மானை பாடுகிறது. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் வாழ்ந்த கான் சாகிபைப் பற்றியும் அவ்வாறே ஒரு கதைப்பாடல் எழுந்தது.

கான் சாகிபு எனப்பட்ட முகம்மது யூசுப்கான், இராமநாதபுரச் சீமையில் எளிய குடும்பத்தில் பிறந்து, கம்பெனிப் படையில் சேர்ந்து, தளபதியாக உயர்ந்து, மதுரையையும் திருநெல்வேலிச் சீமையையும் நிருவகித்தவர். பின்னர் ஆர்க்காட்டு நவாபோடும் கம்பெனியோடும் முரண்பட்டார். 1763ஆம் ஆண்டில் மதுரைக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. அம்முற்றுகை பயன் தரவில்லை. மறு ஆண்டு மீண்டும் முற்றுகை நடந்தது. வெளியிலிருந்த பகைவரால் பிடிக்க முடியாதவரை உள்ளிருந்த அவருடைய ஆட்களே பிடித்துக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய கல்லறை மதுரை சம்மட்டிபுரத்தில் இன்றும் உள்ளது. கம்பெனியின் ஏடுகளில் அவர் ஒரு கலகக்காரர், அவ்வளவே. ஆனால் மக்கள் அவருடைய சண்டையைப் பாட்டாகக் கட்டிப் பாடினர். மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் பேராசிரியர் நா. வானமாமலை அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு இத்தகைய கதைப்பாடல்கள் பலவற்றை அச்சிட்டது. கான்சாகிபு சண்டையும் அவற்றுள் ஒன்று. அப்பணி நடந்திராவிட்டால் இப்பாடல்களில் எத்தனை இன்று நம் கைக்கு எட்டியிருக்கும் என்று சொல்ல இயலாது.

இதுவரை சொன்னவற்றைக் கேட்போர், அப்படியானால் அரண்மனைக் கலை பொய், மக்கள் கலை மெய் என்று முடிவு கட்டிவிடக்கூடும். அவ்வளவு எளிதன்று. மக்களின் பாட்டும் சிலவற்றை மறைப்பதுண்டு. மதுரை வீரன் கதையைப் பாருங்கள்.

மதுரை மீனாட்சியம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்தருகே மதுரை வீரனுக்குச் சந்நிதி இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் அவன் காவல் தெய்வமாக வணங்கப்படுகிறான். அவன் கதை நாமெல்லாரும் அறிந்ததே. அருந்ததியர் குடும்பத்தில் வளர்ந்த இளைஞன். பாளையக்காரரின் மகளான பொம்மியைக் காதலித்து மணக்கிறான். பின்னர் மதுரைக்கு வந்து, அரசனின் ஆணைப்படி கள்வர்களை அடக்குகிறான். அரண்மனையைச் சேர்ந்த வெள்ளையம்மாளை விரும்பியதால் அரசனின் சினத்துக்கு ஆளாகிறான். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டு போகிறான். ஒடுக்கப்பட்ட குலத்தைச் சேர்ந்த ஒருவன் தன் வீரத்தால் உயர்ந்து, உயர்குலப் பெண்ணை மணந்ததனால் எழுந்த மோதலும், அவனைப் பயன்படுத்திக்கொண்ட அரசே அவனை அழித்ததும் இக்கதையின் உயிர்நாடி. கொன்றவர்களின் மனச்சான்று உறுத்தியிருக்க வேண்டும். செத்தவன் தெய்வமானான்.

ஆனால் அச்சில் வந்து பரவிய கதையில் ஒரு தொடக்கம் சேர்ந்திருக்கிறது. அவன் பிறப்பால் காசி மன்னனின் மகனாம். கொடி சுற்றிப் பிறந்ததால் குலத்துக்கு ஆகாதென்று காட்டில் விடப்பட்டானாம். அங்கிருந்து அவனை எடுத்து வளர்த்தவர்களே அருந்ததியர் குடும்பத்தினராம். இது பின்னால் வந்து சேர்ந்த பகுதி என்று நாட்டுப்புற இலக்கியத்தை ஆராய்ந்தோர் பலர் கருதுகின்றனர். 1956ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்து பெருவெற்றி பெற்ற மதுரை வீரன் திரைப்படமும் அவனை அரச குலத்துப் பிள்ளையாகவே காட்டிற்று. திருநெல்வேலிச் சீமையில் வழங்கும் முத்துப்பட்டன் கதைக்கும் இதே நிலை நேர்ந்தது. பிராமண இளைஞன் ஒருவன் அருந்ததியர் குலப் பெண்கள் இருவரை மணந்ததாக மூலக்கதை சொல்ல, அப்பெண்கள் உண்மையில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர்களே என்று பிற்காலத்தில் மாற்றிப் பாடினார்கள்.

இந்த மாற்றங்களின் பொருள் என்ன? ஒடுக்கப்பட்டவனின் வீரத்தைக் கேட்டு ஊர் மகிழ்ந்தது. அவன் மரணத்தைக் கேட்டு அழவும் செய்தது. ஆனால் அவன் பிறந்த குடிசையிலேயே அந்த வீரமும் பிறந்தது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. எனவே கதையில் ஒரு தொட்டிலைக் காசி அரண்மனையில் கொண்டுபோய் வைத்தார்கள். பாட்டில் கண்ணீர் பதிந்திருக்கிறது. கண்ணீர் விட்டவர்களின் தயக்கமும் அதே பாட்டில் பதிந்திருக்கிறது.

இனி, நம் பாட்டனார் காலத்துக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாடகக் கலையின் தலைநகராக விளங்கியது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ஆம் ஆண்டில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்னும் சிறுவர் நாடகக் குழுவை இங்கேதான் தோற்றுவித்தார். அவர் எழுதிய நாடகங்கள் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பகுதிகளின் ஊர்த் திருவிழாக்களில் இரவு முழுவதும் நடந்தன. அறுவடை முடிந்த வயல்வெளியில் மேடை போடுவார்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்கும். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், கடைசி வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருப்பவரின் செவிக்கும் எட்டுமாறு நடிகர்கள் பாடினர்.

ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு முறை உருவாயிற்று. ஒரே கம்பெனியைச் சேராத நடிகர்கள் பல ஊர்களிலிருந்து வந்து ஓர் இரவுக்கு மட்டும் ஒன்றுகூடுவார்கள். எல்லாருக்கும் அந்த நாடகமும் அதன் பாட்டுகளும் தெரியும். ஆகவே ஒத்திகையின்றியே நடிப்பார்கள். மேடையிலேயே தர்க்கம் செய்வார்கள். நேரத்துக்கேற்பப் புதிய பாட்டையும் நுழைப்பார்கள். இந்தச் சுதந்திரந்தான் நாட்டு விடுதலைப் போராட்டத்துக்குப் பெருந்துணை செய்தது. நாடகங்களைத் தடை செய்யும் அதிகாரத்தை வெள்ளை அரசு 1876ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டத்தின் மூலம் கைக்கொண்டிருந்தது. ஆனால் வள்ளி திருமணத்தையும் கோவலன் கதையையும் அரச நிந்தனை என்று எப்படித் தடை செய்வது? கதை பழையது, இடையிலே நுழையும் பாட்டுத்தான் புதியது.

அத்தகைய பாட்டுகளை எழுதியவர்களுள் முதன்மையானவர் மதுரகவி பாஸ்கரதாஸ். 1919 ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரஸ் நகரின் ஜாலியன்வாலா பாக்கில், கூடியிருந்த மக்கள் மீது படையினர் சுட்டதில் அரசுக் கணக்கின்படியே 379 பேர் மாண்டனர். பஞ்சாப் எங்கே இருக்கிறது என்று அறியாத மதுரைச் சீமைக் குடியானவனுக்கு அந்தத் துயரத்தைக் கொண்டுவந்து சேர்த்தது செய்தித்தாள் அன்று. அதைப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலர். நாடக மேடையில் ஒலித்த பாட்டே அதைக் கொண்டுவந்தது. 1921 செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது, ஏழைகளின் நிலையை எண்ணித் தம் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அந்த அரையாடையும் இராட்டையும் வெகு விரைவில் பாட்டுக்குள் வந்துவிட்டன. 1931ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய காளிதாஸிலும் பாஸ்கரதாஸ் எழுதிய இராட்டைப் பாட்டு இடம்பெற்றது. காளிதாசன் கதைக்கும் இராட்டைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மக்கள் மனம் அப்போது எங்கே இருந்தது என்பதையே அது காட்டுகிறது.

இந்தப் பாட்டுகளுக்குக் குரல் கொடுத்தவர்களுள் தலைசிறந்தவர் விசுவநாததாஸ். 1886ஆம் ஆண்டில் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். வள்ளி திருமண நாடகத்தில் தினைப்புனக் காட்சி வரும். அங்கே பறவைகளை ஓட்டுவது வழக்கம். அவர் வெள்ளைக் கொக்கைக் குறித்துப் பாடுவார். எந்த வெள்ளைக் கொக்கு, யாருடைய விளைச்சலைக் கொத்துகிறது, எங்கே பறந்து போக வேண்டும் என்பது கொட்டகையில் இருந்த குழந்தைக்கும் விளங்கும். காவலருக்கும் விளங்கும். பாட்டுப் பாடிய குற்றத்துக்காக அவர் பன்முறை கைது செய்யப்பட்டார், சிறை சென்றார். விடுதலை பெற்று வந்ததும் மீண்டும் வேடம் புனைந்தார், மீண்டும் பாடினார். 1940 டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில் நாடக மேடையிலேயே, முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கையில், அவர் உயிர் பிரிந்தது.

இவ்வளவும் பெருமைக்குரியது. ஆயின் இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விசுவநாததாஸ் முடி திருத்தும் மருத்துவர் குலத்தைச் சேர்ந்தவர். அந்தக் காரணத்துக்காகவே அவரோடு சேர்ந்து மேடையேற நடிகையர் சிலர் மறுத்தனர். எண்ணிப் பாருங்கள். மேடையில் அவர் முருகப் பெருமான். அவர் பாட்டைக் கேட்டு ஆயிரம் பேர் நாட்டின் அடிமைத்தனத்துக்காக அழுகிறார்கள். மேடைக்குப் பின்னால் அவர் தீண்டத் தகாதவர் போல நடத்தப்படுகிறார். நாட்டின் காலில் கிடந்த விலங்கைக் கண்டு கொதித்த கண்கள், பாடுகிறவரின் காலில் கிடந்த விலங்கைக் காணவில்லை. அவர் மறைவதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன்னர்தான், 1939 சூலை 8ஆம் நாள், வைத்தியநாத ஐயரின் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மீனாட்சியம்மன் கோவிலுக்குள் முதன்முறையாக நுழைந்தனர். பாட்டு எப்போதோ கோபுரத்தைத் தாண்டி ஒலித்திருந்தது. பாடும் மக்களுக்குக் கோவிற்கதவு திறப்பதற்கு அவ்வளவு காலம் பிடித்தது.

இங்கே நாம் பிறரைக் குறை சொல்லிவிட்டு ஒதுங்கிவிட முடியாது. கட்டடமும் ஒரு கலைதான். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரில் 1872ஆம் ஆண்டில் நம்மவர்கள் எழுப்பிய கோவில் ஒன்றுண்டு. திருக்குடும்பத்தின் பெயரால் எழுந்த அக்கோவிலில் பீடம் ஒன்று. ஆனால் மக்கள் நின்று வழிபடும் பகுதிகள் இரண்டு. கால்சட்டையின் இரு குழாய்களைப் போல அவை பிரிந்து நின்றன. ஒரு சாதியார் ஒரு பக்கம். பிற சாதியார் மறுபக்கம். இடையே தடுப்பு. 1910ஆம் ஆண்டில் அத்தடுப்பு அகற்றப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. அன்றைய கிறிஸ்தவர்கள் எழுதிய பக்தி நூல்களைப் படித்தால் சகோதர அன்பைப் பற்றி அழகிய பக்கங்கள் பல கிடைக்கும். ஆனால் அவர்கள் உண்மையில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அந்தச் செங்கல்லும் சுண்ணாம்பும் எந்த நூலையும்விடத் தெளிவாகச் சொல்லிவிட்டன.

துயரத்தைக் கலையாக்கும் முறைக்கு வேதாகமத்திலும் ஒரு முன்மாதிரி உண்டு. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமை அழித்தனர். கோவில் எரிந்தது, மக்கள் நாடு கடத்தப்பட்டனர். அந்த அழிவைப் பாடுவதே புலம்பல் நூல். அதில் ஐந்து பாடல்கள். அவற்றுள் நான்கு, எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளையும் வரிசையாகப் பின்பற்றி அமைந்தவை. கட்டுக்கடங்காத துயரத்தை எழுத்தின் ஒழுங்குக்குள் அடக்கிப் பாடினார்கள். அதனால்தான் அது மனப்பாடமாகி நிலைத்தது. நம் ஊர்த் தாய்மார் ஒப்பாரி வைக்கும்போது ஓசையும் எதுகையும் தாமே வந்து அமைவதைக் கேட்டவர்களுக்கு இது வியப்பாக இராது. புலம்பல் நூலில் இன்னொரு சிறப்பும் உண்டு. அது பகைவனை மட்டும் பழிப்பதில்லை. நம் பாவமும் இதற்குக் காரணம் என்று தன்னையும் நோக்கி விரல் நீட்டுகிறது. உயர்ந்த கலையின் அடையாளம் இதுவே என்போம். தாழ்ந்த கலை பிறன் செய்த குற்றத்தை மட்டும் பாடும்.

இது வெறும் பழங்கதையன்று. ஆகையால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம். நம் தென்மாவட்டங்களில் திருவிழாக் காலங்களிலும் ஊர்வலங்களிலும் சாதிப் பெருமை பேசும் பாட்டுகளை ஒலிபெருக்கியில் முழங்கவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. அடுத்த தெருவாரின் செவியில் விழ வேண்டும் என்பதற்காகவே சிலர் அவற்றை ஒலிக்கச் செய்கின்றனர். அதனால் கைகலப்பு நேர்வதும், வெட்டும் குத்தும் நிகழ்வதும், நேற்றுவரை ஒரே வகுப்பில் படித்த பிள்ளைகள் நீதிமன்றப் படியேறுவதும் நாம் அறியாதவை அல்ல. பாட்டு மோதலைக் காட்டும் கண்ணாடி மட்டும் அன்று. மோதலை மூட்டும் தீக்குச்சியாகவும் ஆகக்கூடும். வெள்ளைக் கொக்கைப் பாடிய பாட்டும் மேடையில்தான் பிறந்தது. அயலானை இழிவுபடுத்தும் பாட்டும் மேடையில்தான் பிறக்கிறது. இரண்டுக்கும் தாளம் ஒன்றாகவே இருக்கலாம். முன்னது, தன்னை மிதித்தவனை நோக்கி எளியவன் எழுப்பிய குரல். பின்னது, தனக்குக் கீழே ஒருவன் இருந்தாக வேண்டும் என்று கேட்கும் குரல்.

ஆகவே, பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் எந்தப் பாட்டைக் கைப்பேசியில் கேட்கிறார்கள் என்று கவலைப்படுகிறீர்கள். கவலை நியாயமானதே. ஆனால் தடை போடுவது மட்டும் போதாது. அவர்களோடு அமர்ந்து அந்தப் பாட்டைக் கேளுங்கள். இதில் யாருடைய துன்பம் பேசப்படுகிறது, யாருடைய துன்பம் பேசப்படவில்லை, இதைக் கேட்டு முடித்ததும் நம் உள்ளத்தில் இரக்கம் மிகுகிறதா, இறுமாப்பு மிகுகிறதா என்று கேளுங்கள். திரைப்படம் பார்த்துவிட்டு வரும்போதும் இப்படிக் கேட்கலாம். பிள்ளைகள் நாம் எண்ணுவதைவிட நன்றாகவே விடை சொல்லுவார்கள். பதினைந்து வயதுச் சிறுவனுக்கு அநீதியை இனங்காணும் கண் உண்டு; அதைப் பயன்படுத்தச் சொல்லுவார்தாம் இல்லை.

வீட்டில் மூத்தோர் இருப்பின், அவர்களுக்குத் தெரிந்த பாட்டுகளைக் கேட்டு எழுதி வையுங்கள். நாற்று நடும்போது பாடியது, தாலாட்டியது, பஞ்ச காலத்தில் பாடியது, அண்ணனோ கணவனோ இறந்தபோது புலம்பியது, எல்லாம் எழுதுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு மாலை நேரமும் போதும். பேரன் கையெழுத்தில் பாட்டியின் ஒப்பாரி பதிவாகுமானால், அந்தக் குடும்பத்துக்கு அதுவே கல்வெட்டு. அதில் ஒரு பெயரோ ஒரு வரியோ நமக்கு வெட்கம் தருவதாக இருப்பினும் மாற்றாதீர்கள். மதுரை வீரனின் தொட்டிலைக் காசிக்குக் கொண்டுபோனவர்களைப் போல நாமும் செய்ய வேண்டாம். நம் முன்னோர் கூலி வேலை செய்தனர், பசித்திருந்தனர், அவமதிக்கப்பட்டனர், சில வேளைகளில் பிறரை அவமதித்தனர் என்று பாட்டுச் சொல்லுமானால், சொல்லியபடியே இருக்கட்டும்.

கோடைத் திருவிழாக்கள் நெருங்குகின்றன. ஊர்ப் பெரியவர்களும் இளைஞர் மன்றத்தாரும் கொடியேற்றம், தேர், நாடகம், பாட்டுக் கச்சேரி என்று கூடிப் பேசுவீர்கள். எந்தக் குழுவை அழைப்பது, எவ்வளவு தொகை கொடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன்னர் இன்னொன்றையும் பேசி முடியுங்கள். மேடையில் பாடப்போகும் பாட்டை, ஊரின் கடைக்கோடித் தெருவில் இருப்பவர் தம் பிள்ளைகளோடு வந்து முன்வரிசையில் அமர்ந்து, மனம் நோகாமல் கேட்க முடியுமா? முடியுமென்றால் அந்தக் குழுவை அழையுங்கள். முடியாதென்றால், எவ்வளவு இனிய குரலாயினும் நமக்கு வேண்டாம். பாடி முடித்த கலைஞர்கள், அவர்கள் எந்தக் குலத்தவராயினும், நம் வீட்டுப் பந்தியில் நம்மோடு சமமாக அமர்ந்து உண்ணட்டும். திருமங்கலத்து நடிகருக்கு அன்று மறுக்கப்பட்ட மதிப்பை நம் ஊரில் இன்று வரும் கலைஞருக்கேனும் கொடுப்போம்.